ஜஹாங்கீரும் வானத்து இரும்பும்

கன்னியாகுமரி மாவட்டத்தில், மலைகள் சூழ்ந்த பேச்சிப்பாறையில், கோதையாற்றின் குறுக்கே ஓர் அணை உண்டு. 1897-ஆம் ஆண்டில் தொடங்கி 1906-ஆம் ஆண்டில் முடிக்கப்பெற்ற அவ்வணை நாஞ்சில் நாட்டு வயல்களுக்கு நீர் ஊட்டி வருகின்றது. ஊரின் பெயரிலேயே பாறை இருக்கிறது. ஆற்றின் வழியெங்கும் பாறைகள் கிடக்கின்றன. அவற்றின் மேனி வழவழப்பாக இருக்கும். ஆங்காங்கே குழிகளும் காணப்படும். உளி கொண்டு எவரும் அவற்றைச் செதுக்கவில்லை. எண்ணிலா ஆண்டுகள் இடையறாது ஓடிய நீரும், நீரோடு உருண்ட மணலும் கூழாங்கல்லுமே அவற்றைச் செதுக்கின. ஒரு கல்லின் மேற்பரப்பைக் கூர்ந்து நோக்குபவர், அக்கல் பட்ட பாட்டினை அதிலேயே படித்தறியலாம்.

நீருக்கு மாறாகக் காற்றே உளியாகவும், எண்ணிலா ஆண்டுகளுக்கு மாறாகச் சில நொடிகளே காலமாகவும் அமையச் செதுக்கப்பட்ட பொருள்களும் உலகில் உள்ளன. அவை வானத்தினின்று வீழும் கற்களும் இரும்புத் துண்டுகளும் ஆகும். மலையூர்களின் இருண்ட இரவுகளில் வானை நோக்கி இருப்பவர் எரிமீன்கள் கோடிழுத்து மறைவதைக் கண்டிருப்பர். அவற்றுள் பெரும்பாலானவை மணலளவே உடையவை. காற்றிலேயே எரிந்து அழிந்துவிடுகின்றன. எப்போதோ ஒன்று எரிந்தது போக எஞ்சி நிலத்தை அடைகின்றது. அவ்வாறு கண்காண வீழ்ந்து எடுக்கப்பெற்றவற்றுள் நூற்றுக்கு ஏறத்தாழ ஐந்தே இரும்பு. மற்றவை பெரிதும் கற்களே. ஆகவே, வானத்து இரும்பு வீழ்வதைக் கண்டு, அதனைத் தோண்டி எடுத்து, நாளும் இடமும் நிறையும் குறித்து வைத்தல் மிக அரிய செயலாகும். நானூறு ஆண்டுகளுக்கு முன்னர் அச்செயலைச் செய்தவர் ஒரு பேரரசர். அவரே மொகலாயப் பேரரசர் ஜஹாங்கீர்.

ஜஹாங்கீரின் இயற்பெயர் சலீம் என்பதாகும். பேரரசர் அக்பருக்கு முதலில் பிறந்த மக்கள் நெடுநாள் வாழவில்லை. தமக்குப்பின் அரியணை ஏற மகன் இல்லையே என்று வருந்திய அக்பர், சிக்ரி என்னும் ஊரில் வாழ்ந்த சலீம் சிஷ்டி என்ற பெரியாரை நாடிச் சென்றார். 1569-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 31-ஆம் நாள் அப்பெரியாரின் இருப்பிடத்திலேயே குழந்தை பிறந்தது. தாய் ஆம்பேர் நாட்டு இராசபுத்திர அரசமகள். பெரியாரின் பெயரே குழந்தைக்கு இடப்பெற்றது. ஆயினும் அப்பெயரைச் சொல்லி அழைக்க மனமின்றித் தந்தையார் மகனைச் சேக்கு பாபா என்றே அழைத்து வந்தார்.

இத்துணை ஏக்கத்துடன் பெற்ற மகன் தந்தைக்கு மகிழ்ச்சியை மட்டும் தந்தானல்லன். சலீம் பதினெட்டாம் அகவையில் மதுவருந்தத் தொடங்கினார். நாளடைவில் அப்பழக்கம் நாளொன்றுக்கு இருபது கிண்ணம் கடுஞ்சாராயம் என்னும் அளவுக்கு வளர்ந்தது. கை நடுங்கியது, கிண்ணத்தைப் பிறர் பிடித்து ஊட்டவேண்டிய நிலை வந்தது. அரண்மனை மருத்துவர் கண்டித்துக் கூறியபின் சிறிது சிறிதாகக் குறைத்துக்கொண்டார், முற்றிலும் விட்டாரில்லை. அவருடைய உடன்பிறந்தார் முராதும் தானியேலும் இக்கொடிய பழக்கத்தாலேயே இளமையில் மடிந்தனர். 1600-ஆம் ஆண்டில் சலீம் தந்தையை எதிர்த்து அலகாபாத்தில் தனியரசு அமைக்க முயன்றார். 1602-ஆம் ஆண்டில் அக்பரின் ஆருயிர் நண்பரும் பேரறிஞருமான அபுல் பசல் சலீமின் தூண்டுதலால் கொல்லப்பட்டார். இச்செய்திகளுள் பலவற்றைப் பிற்காலத்தில் சலீமே எழுதி வைத்தார் என்பது வியப்புக்குரியது. தம் குடிப்பழக்கத்தையும், அபுல் பசலின் கொலையில் தமக்கிருந்த பங்கினையும் அவர் மறைக்கவில்லை. கண்டதைக் கண்டவாறு எழுதும் இயல்பு தம்மைப் பற்றி எழுதும்போதும் அவரைவிட்டு நீங்கவில்லை போலும்.

1605-ஆம் ஆண்டு அக்பர் இறந்தார். சலீம் ஜஹாங்கீர் என்னும் பட்டப்பெயருடன் ஆக்ராவில் முடிசூடினார். உலகைக் கைப்பற்றுபவர் என்பது அப்பெயரின் பொருள். அரியணை ஏறியதும் அவர் இட்ட முதற்கட்டளை ஒரு சங்கிலியைப் பற்றியது. தூய பொன்னால் முப்பது கஜ நீளத்தில் செய்து, அறுபது மணிகள் கோத்த அச்சங்கிலியின் ஒரு முனை ஆக்ராக் கோட்டையின் மதிலிலும், மறுமுனை யமுனைக் கரையில் நட்ட கற்றூணிலும் கட்டப்பட்டது. முறைமன்றத்தில் நீதி கிடைக்கப் பெறாதார் அதனை அசைத்துப் பேரரசரின் செவிக்குத் தம் குறையை எட்டச் செய்யலாம் என்பது ஏற்பாடு. ஆயின், அடுத்த ஆண்டே தம் மூத்த மகன் குஸ்ரு கலகம் செய்தபோது அவர் காட்டிய கொடுமை பெரிது. கலகக்காரர் வரிசையாகக் கழுவேற்றப்பட்டனர். சீக்கியரின் ஐந்தாம் குருவாகிய அர்ச்சுன தேவர் உயிரிழந்தார். குஸ்ருவும் பின்னர்க் கண்ணொளி இழக்க நேர்ந்தது. பொற்சங்கிலி தொங்கவிட்ட கையும் அக்கைதான்.

இவ்வாறு முரண்பட்ட குணங்களின் உறைவிடமாக விளங்கிய அவரிடம் முரண்படாத குணம் ஒன்று இருந்தது. அஃது அறியும் வேட்கை. புதியதொரு பறவையோ விலங்கோ கனியோ பூவோ அவைக்கு வந்தால் அதனை அளந்தறியாமல் விடமாட்டார். ஒரு கனி பெரிதாக இருந்தது என்று எழுதுவதில் அவர் நிறைவு பெறுவதில்லை. நிறுத்துப் பார்த்து இத்துணைத் தோலா என்று எழுதுவார். லைலா, மஜ்னூன் என்று பெயரிட்டு அவர் வளர்த்த சாரசப் பறவைகள் இரண்டு முட்டையிட்டபோது, ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்த முறையையும், குஞ்சு வெளிவந்த நாளையும் நாடோறும் நோக்கிக் குறித்து வைத்தார். மூமியாய் என்னும் கரும்பிசின் முறிந்த எலும்பைக் கூட்டும் என்று மருத்துவர் கூறக் கேட்டார். கூறியதை அப்படியே ஏற்கவில்லை. ஒரு கோழியின் காலை முறித்து, அம்மருந்தை இட்டுப் பார்த்து, சொல்லிய பயன் விளையவில்லை என்று முடிவு கட்டினார். கோழிக்கு அஃது இன்னல்தான். ஆயினும் ஏட்டில் உள்ளதைச் சோதித்தன்றி ஏற்பதில்லை என்னும் போக்கு அக்காலத்து அரசரிடம் காண்டற்கரியது.

ஓவியக் கலையில் அவருக்கிருந்த தேர்ச்சி பெரிது. பல ஓவியர் கூடித் தீட்டிய படத்திலும், இன்ன முகம் இன்னாருடையது, இன்ன புருவம் இன்னாருடையது என்று பிரித்துக் கூறத் தம்மால் இயலும் என்பதில் அவருக்குப் பெருமிதம் உண்டு. அவர் அவையில் மன்சூர் என்னும் ஓவியர் இருந்தார். பறவைகளையும் விலங்குகளையும் உயிருடன் நிற்பன போலத் தீட்டுவதில் அவருக்கு நிகர் அவரே. 1621-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் வரிக்குதிரை ஒன்று பேரரசருக்குக் காணிக்கையாக வந்தது. அதன் கோடுகள் மெய்யோ, எவரேனும் சாயம் தீட்டினரோ என்று கண்டோர் ஐயுற்றனர். நன்கு ஆராய்ந்து, அவை இயற்கையே என்று தெளிந்தபின் மன்சூர் அதனைத் தீட்டினார். அவ்வோவியம் இன்றும் இலண்டன் காட்சிச்சாலையில் உள்ளது.

அவ்வாண்டிலேயே வானத்தினின்று இரும்பு வீழ்ந்தது.

ஜஹாங்கீரின் ஆட்சியில் பதினாறாம் ஆண்டு. பாரசீக ஆண்டின் முதல் திங்களாகிய பர்வர்தீனின் முப்பதாம் நாள். 1621-ஆம் ஆண்டு ஏப்பிரல் 10 என்று இதனைக் கணக்கிடுவர். பஞ்சாபில் ஜலந்தரைச் சார்ந்த ஒரு சிற்றூரில் காலைப் பொழுதில் கிழக்கிலிருந்து பேரோசை எழுந்தது. ஊரார் உயிர் போகுமாறு நடுங்கினர். அவ்வோசையின் நடுவே ஓர் ஒளி மேலிருந்து நிலத்தில் இறங்கியது. வானத்தினின்று நெருப்பு வீழ்வதாகவே எல்லாரும் எண்ணினர். சிறிது நேரத்தில் ஓசை அடங்கியது. அச்சம் தெளிந்த ஊரார், அப்பகுதியின் வரித்தண்டல் அலுவலராகிய முகம்மது சயீத் என்பவருக்கு விரைந்து ஆளனுப்பினர்.

முகம்மது சயீத் கடமையில் தவறாதவர். செய்தி கேட்டதும் குதிரையேறி அவ்விடத்தை அடைந்தார். பத்துப் பன்னிரண்டு கஜ நீள அகலத்துக்கு நிலம் கருகியிருந்தது. புல்லோ பசுமையோ அங்கே இல்லை. மண் வெதுவெதுப்பாக இருந்தது. தோண்டுமாறு பணித்தார். ஆழம் மிக மிக வெப்பமும் மிகுந்தது. இறுதியில் உலையிலிருந்து எடுத்தாற்போன்று காய்ந்திருந்த ஓர் இரும்புத் துண்டு அகப்பட்டது. அஃது ஆறும்வரை காத்திருந்து, தம் வீட்டிற்கு எடுத்துச் சென்று, பையிலிட்டு, முத்திரை வைத்து அரசவைக்கு அனுப்பினார். அரசு அலுவலர் ஒருவர் அன்று வைத்த அம்முத்திரைக்கு அறிவியலுலகம் நன்றி பாராட்டவேண்டும். இடையில் வேறோர் இரும்பு புகுந்து மாறுதற்கு வழியில்லாமற் போயிற்று.

பேரரசர் தம் முன்னிலையிலேயே அதனை நிறுக்கச் செய்தார். நிறை 160 தோலா. அஃதாவது ஏறத்தாழ 2 கிலோகிராம். பின்னர், வாள் செய்வதில் புகழ்பெற்ற உஸ்தாத் தாவூது என்னும் கொல்லரை அழைத்து, அவ்விரும்பினால் ஒரு வாளும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் செய்து தருமாறு ஆணையிட்டார். தாவூது உலையிலிட்டு அடித்துப் பார்த்தார். சம்மட்டியின் கீழ் அவ்விரும்பு நிற்கவில்லை. நொறுங்கித் துண்டு துண்டாயிற்று. வேறு இரும்பு கலந்து பார்க்கும்படி பேரரசர் கூறினார். வானிரும்பு மூன்று பங்கும் நாட்டிரும்பு ஒரு பங்கும் கலந்தபோது அது வசப்பட்டது. இரண்டு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் உருவாயின. வாள்கள் யமன் நாட்டு வாள்களையும் தென்னாட்டு வாள்களையும் போல வளைத்தால் வளைந்து, விட்டால் நிமிர்ந்தன. பேரரசர் தம் கண்முன் வெட்டிச் சோதிக்கச் செய்தார். உயர்ந்த வாள்களுக்கு அவை இளைத்தனவல்ல என்று கண்டார். ஒரு வாளுக்கு அறுப்பது என்னும் பொருளிலும், மற்றொன்றுக்கு மின்னலின் இயல்புடையது என்னும் பொருளிலும் பெயர் சூட்டினார். அவைப்புலவர் ஒருவர் ஹிஜ்ரி 1030 என்னும் ஆண்டு தோன்றுமாறு செய்யுள் இயற்றினார். இவ்வளவையும் ஜஹாங்கீர் தம் நாட்குறிப்பில் பாரசீக மொழியில் விரிவாக எழுதினார். அவர் அதனை மின்னலின் இரும்பு என்றே கருதினார். மின்னலுக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை என்பதை அக்காலத்தில் எவரும் அறியார்.

தாவூதின் சம்மட்டிக்கு அவ்விரும்பு உடைந்ததன் காரணம் இன்று தெளிவாக விளங்குகின்றது. வானத்து இரும்பு தனியிரும்பன்று. அதனுள் நிக்கல் என்னும் உலோகம் நூற்றுக்கு ஐந்து பங்குமுதல் இருபது பங்குக்கு மேலும் கலந்திருக்கும். சிறிதளவு பாசுவரமும் கந்தகமும் உண்டு. இவ்விரண்டும் சேர்ந்த கனிமங்கள் இரும்பினூடே பரவியிருப்பதால், காய்ச்சி அடிக்கும்போது அது பிளவுபடுகின்றது. வேதியியல் அறியாத பேரரசரும் கொல்லரும் பட்டறிவு ஒன்றையே துணைக்கொண்டு சரியான மருந்தைக் கண்டனர்.

அவர் குறிப்பில் ஐயத்திற்கிடமான பகுதியும் உண்டு. விண்ணிலிருந்து வரும் துண்டு காற்றினூடே பாயும் நேரம் சில நொடிகளே. அதற்குள் மேற்றோல் மட்டுமே உருகும். வெப்பம் உள்ளே செல்லப் பொழுதில்லை. கீழ்க்காற்றில் வேகம் தணிந்து வீழும்போது அத்தோலும் ஆறிவிடும். ஆகவே, இரண்டு கிலோகிராம் நிறையுள்ள இரும்பு பத்துக் கஜ நிலத்தைக் கருக்கியதென்பதும், உலையிரும்பைப்போலக் காய்ந்திருந்ததென்பதும் மிகையாகவே தோன்றுகின்றன. ஆனால், அப்பகுதியைப் பேரரசர் தாமே கண்டு எழுதவில்லை. அச்சமுற்ற ஊரார் கூற, அலுவலர் கூற, அவர் கேட்டு எழுதினார். அவர் தம் கண்ணால் கண்டு எழுதிய பகுதி நிறுத்ததும், உடைந்ததும், கலந்ததும், வெட்டியதுமே. அப்பகுதியில் குறைகூற இடமில்லை.

ஒன்றுமட்டும் அவர் எழுதவில்லை. அவ்விரும்பின் வடிவம் எத்தகையது, அதன் மேற்பரப்பு எவ்வாறு இருந்தது என்பதைப் பற்றி அக்குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. வரிக்குதிரையின் கோடுகளை ஆராயச் செய்தவர், பறவையின் முட்டையை நாள்தோறும் நோக்கியவர், மன்சூரை அருகில் வைத்திருந்தவர், வானிரும்பின் மேனியைத் தீட்டச் செய்தார் என்ற செய்தியும் அந்நூலில் இல்லை. வாள் வேண்டும் என்னும் வேந்தரின் விருப்பம், காணவேண்டும் என்னும் அறிஞரின் விருப்பத்தை அன்று முந்திக்கொண்டது. தாவூதின் உலையில் அம்மேனி அழிந்தது. அழிந்தது எத்தகையது என்பதைப் பிற இடங்களில் வீழ்ந்த இரும்புகளைக் கொண்டே அறியவேண்டியிருக்கிறது.

விண்ணிலிருந்து வரும் பொருள் நொடிக்குப் பதினொரு கிலோமீட்டருக்குக் குறையாத வேகத்தில் காற்றுமண்டலத்தினுள் நுழைகின்றது. அதன் முன்னே நசுங்கும் காற்று அளவிறந்த வெப்பம் அடைகின்றது. அவ்வெப்பத்தால் இரும்பின் மேற்பரப்பு உருகுகின்றது. உருகியதை உருகியவாறே காற்று வாரிச் செல்கின்றது. உடனே அடுத்த படலம் உருகுகின்றது. ஊரார் கண்ட ஒளியும் கேட்ட ஓசையும் இதன் விளைவே. காற்றுச் சுழல்கள் தாக்கிய இடங்களில் ஆழமில்லாத குழிகள் உண்டாகின்றன. குயவன் பிசைந்த களிமண்ணில் பெருவிரலால் அழுத்தியது போலவும், நுங்கு தோண்டியபின் பனங்காயில் எஞ்சும் குழிகள் போலவும் அவை தோன்றும். குழிக்கும் குழிக்கும் இடையே மழுங்கிய வரம்புகள் இருக்கும். புரளாமல் ஒரே பக்கம் முன்னோக்க வந்த துண்டாயின், அதன் முகம் கேடயம் போலவோ கூம்பு போலவோ திரண்டு வழவழப்பாக இருக்கும். குழிகள் விளிம்பை நோக்கி நீண்டு, விரிந்து செல்லும். அதைக் கொண்டு எப்பக்கம் முன்னாக அது பாய்ந்து வந்தது என்று இன்றும் கூறலாம்.

வேகம் தணியும் இறுதி நொடிகளில் உருகிய இரும்பு வாரிச் செல்லப்படாமல் மேலேயே உறைகின்றது. கொல்லன் காய்ச்சிய இரும்பின்மேல் படியும் கருநீலத் தோலைப் போல அது மிக மெல்லியது; பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டர்த் தடிப்பும் இராது. மெழுகுவத்தியில் உருகி வழிந்த மெழுகு இழையாக உறைவதுபோல, அத்தோலின்மேல் மயிரிழை போன்ற கோடுகள் ஓடும். கூர்ந்து நோக்கினால் தெறித்து ஒட்டிய சிறு துளிகளும் தெரியும். இவ்வடையாளங்கள் நெடுங்காலம் நில்லா. மழையும் ஈரமும் பட்டால் துரு ஏறி, முதலில் அழிவது அத்தோலே. நிலத்தில் நெடுநாள் கிடந்து பின்னர்க் கண்டெடுக்கப்படும் இரும்புகளில் குழிகள் எஞ்சினாலும் இழைகள் எஞ்சுவதில்லை. 1898-ஆம் ஆண்டில் கொடைக்கானலில் கண்டெடுக்கப்பெற்ற வானிரும்பு அறிஞர் பலரால் ஆராயப்பட்டது. ஆனால், அது வீழ்ந்ததைக் கண்டவர் இல்லை. கண்காண வீழ்ந்து, உடனே எடுக்கப்பட்ட இரும்பே புதுமேனியுடன் இருக்கும். அதனாலேயே அதன் மதிப்பு உயர்ந்தது. இந்தியாவில் அத்தகையன சிலவே. ஆந்திர நாட்டு நெடகொல்லாவில் 1870-ஆம் ஆண்டிலும், இராசத்தானத்துச் சாஞ்சோரில் 2020-ஆம் ஆண்டிலும் வானிரும்பு வீழ்ந்தது.

அயல்நாடுகளுள் உருசியாவின் கீழ்க்கோடியில் சிகோட்டே-அலின் மலைப்பகுதியில் 1947-ஆம் ஆண்டு பிப்பிரவரி 12-ஆம் நாள் வீழ்ந்ததே மிகப் பெரியது. பகலவனைவிட ஒளிமிக்க நெருப்புருண்டை உடைந்து, இரும்பு மழையாகப் பொழிந்தது. அப்பொழுது மெத்வேதெவ் என்னும் ஓவியர் வெளியே இயற்கைக் காட்சி ஒன்றை வரைய அமர்ந்திருந்தார். கண்ட காட்சியை உடனே தீட்டினார். 1957-ஆம் ஆண்டில் அவ்வோவியம் அஞ்சல் தலையாகவும் வெளிவந்தது. அங்கே எடுக்கப்பெற்ற ஆயிரக்கணக்கான துண்டுகளில் விரற்குழிகளும் கருநீலத் தோலும் மிகத் தெளிவாக உள்ளன. மன்சூரின் தூரிகைக்குக் கிட்டாத வாய்ப்பு மெத்வேதெவின் தூரிகைக்குக் கிட்டியது.

ஜஹாங்கீரின் குறிப்பு ஏட்டளவில் உறங்கிவிடவில்லை. வானிலிருந்து கல்லும் இரும்பும் வீழும் என்பதை ஐரோப்பிய அறிஞர் பலர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதிவரை நம்பவில்லை. பாமரர் கட்டிய கதை என்று எள்ளினர். 1794-ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கிளாட்னி, அவை விண்வெளியிலிருந்தே வருகின்றன என்று நூல் எழுதியபோது நகைத்தவரே மிகுதி. 1798-ஆம் ஆண்டில் காசிக்கருகே கற்கள் வீழ்ந்தன. அவற்றையும் வேறு சில கற்களையும் இரும்புகளையும் ஹோவர்டு என்னும் ஆங்கில வேதியியலார் ஆராய்ந்து, எல்லாவற்றிலும் நிக்கல் இருப்பதை 1802-ஆம் ஆண்டில் வெளியிட்டார். மறு ஆண்டில் இலண்டன் அரசவைக் கழகத்தின் இதழில் கிரேவில் என்பவர் ஒரு கட்டுரை வெளியிட்டார். ஜலந்தர் இரும்பைப் பற்றி ஜஹாங்கீர் எழுதிய பகுதியின் ஆங்கில மொழிபெயர்ப்பு அதில் இடம்பெற்றது. அதே 1803-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு லேகிள் என்னும் ஊரில் கல்மழை பொழிந்தது. ஐயுற்றவர் வாயும் அடைபட்டது. ஐரோப்பாவில் இவ்வழக்கு நடந்தபோது, 182 ஆண்டுகளுக்கு முன்னரே நாளும் இடமும் நிறையும் குறித்து எழுதிய ஓர் இந்தியப் பேரரசரின் ஏடு சான்றாக வந்து நின்றது.

வானிரும்பு வீழ்ந்தபோது ஜஹாங்கீரின் உடல்நலம் குன்றத் தொடங்கியிருந்தது. ஈளைநோய் அவரை வாட்டியது. 1611-ஆம் ஆண்டில் அவர் மணந்த நூர்ஜஹான் பேரரசியே ஆட்சிப் பொறுப்பைப் பெரிதும் தாங்கினார். அவர் பெயரால் நாணயமும் வெளிவந்தது. 1622-ஆம் ஆண்டு துன்பங்கள் திரண்டு வந்த ஆண்டு. ஒளியிழந்த மகன் குஸ்ரு இறந்தார். காந்தகாரைப் பாரசீகர் கைப்பற்றினர். மற்றொரு மகன் ஷாஜஹான் கலகக்கொடி உயர்த்தினார். தந்தைக்குத் தாம் செய்ததை மகனிடமிருந்து பெற்றார் ஜஹாங்கீர். அவ்வாண்டளவில், நாட்குறிப்பு எழுதிவந்த கையும் தளர்ந்தது. மூதமத்கான் என்னும் அலுவலர் அவருக்காக எழுத்தைத் தொடர்ந்தார். 1626-ஆம் ஆண்டில் தளபதி மகபத்கான் ஜீலம் ஆற்றங்கரையில் பேரரசரையே சிறைப்பிடித்தார். நூர்ஜஹானின் சூழ்ச்சித் திறத்தால் அவர் விடுபட்டார். காசுமீரத்தின் குளிர்ந்த காற்றும் மலர்களும் அவருக்கு உயிர். 1627-ஆம் ஆண்டில் அங்கிருந்து திரும்பும் வழியில் அக்டோபர்த் திங்களிறுதியில் ஜஹாங்கீர் காலமானார். லாகூருக்கருகே ஷாதராவில் அவர் அடக்கம் செய்யப்பெற்றார்.

தாவூது செய்த கத்தி இன்று அமெரிக்க நாட்டில் வாசிங்டன் நகரத்துப் பிரீயர் கலைக்கூடத்தில் உள்ளது. நீளம் ஏறத்தாழ 26 சென்டிமீட்டர். கைப்பிடியில் பொன்வேலை பொலிகின்றது. வானினின்று வீழ்ந்த இரும்பால் ஜஹாங்கீரின் ஆணைப்படி செய்யப்பட்டது என்னும் செய்தி அலகில் பொன்னெழுத்தால் பதிக்கப்பட்டுள்ளது. அலகின்மேல் நீரலை போன்ற வரிகள் நெளிகின்றன. அவை உலையிலும் சம்மட்டியிலும் பிறந்த வரிகள். காற்று பொறித்த குழிகளும் இழைகளும் அதில் இல்லை.